இளநிலைப் பட்டத்தில் சட்டத்தை மைனராக எடுப்பது: எந்தப் பாடங்கள், தீர்ப்பை எப்படிப் படிப்பது?

நிரலோடை:
வணக்கம். மேஜர் கணினி அறிவியல். அடுத்த செமஸ்டருக்குள் மைனரை (மேஜருக்குத் துணையான பாடத் தொகுப்பு) பதிவு செய்ய வேண்டும், சட்டம் எடுக்க நினைக்கிறேன். மொத்தம் ஆறு பாடங்கள். அதில் சட்ட முறைமைக்கு ஓர் அறிமுகப் பாடம் கட்டாயம். மீதி ஐந்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். பட்டியலில் ஒப்பந்தச் சட்டம், தீங்கியல் (ஒருவர் மற்றவருக்குச் செய்த தீங்குக்கு இழப்பீடு பற்றிய சட்டம்), அரசமைப்புச் சட்டம், குற்றவியல், நிர்வாகச் சட்டம், சர்வதேசச் சட்டம், அறிவுசார் சொத்து, தரவுப் பாதுகாப்பு, சட்ட மெய்யியல் இருக்கின்றன.

எதை எந்த வரிசையில் எடுப்பது? தீர்ப்புகளைப் படிக்க ஒரு முறை இருக்கிறதா, அல்லது கதைபோல முதலிலிருந்து கடைசிவரை வாசித்தால் போதுமா? தேர்வு எப்படி இருக்கும்? இந்த மைனரை வைத்துப் பின்னால் வழக்கறிஞர் ஆக முடியுமா?

தராசுமுள்:
கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். முடியாது. மைனர் என்பது தொழில் உரிமத்துக்கான தகுதி ஆகாது. இந்தியாவில் பட்டம் முடித்தபின் மூன்றாண்டு எல்எல்பி படித்து, மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்து, அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். அமெரிக்காவில் பட்டத்துக்குப் பின் மூன்றாண்டு ஜேடி என்ற சட்டப் படிப்பு. இங்கிலாந்தில் 2021 முதல் சொலிசிட்டர் ஆவதற்கு எஸ்க்யூஇ என்ற தேர்வு முறை வந்துவிட்டது. எந்தப் பாடத்தில் பட்டம் பெற்றவரும் அதை எழுதலாம், இரண்டாண்டு தகுதியான பணி அனுபவமும் காட்ட வேண்டும். இந்த மூன்று வழிகளிலும் உங்கள் மேஜர் கணினியாக இருப்பது தடையே இல்லை. மைனர் இருந்தால் படிப்புக் காலம் குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். சட்டப் படிப்பு உங்களுக்கு ஒத்துவருமா என்று குறைந்த செலவில் பார்த்துக்கொள்ள அது நல்ல வழி.

இனி பாடங்கள். என் பரிந்துரை: ஒப்பந்தம், தீங்கியல், அரசமைப்பு மூன்றையும் முதலில் முடியுங்கள். அதன்பின் அறிவுசார் சொத்து, தரவுப் பாதுகாப்பு. கணினி மாணவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தரவுப் பாதுகாப்பு தங்கள் துறைக்குப் பக்கத்தில் இருப்பதால் அதை முதல் செமஸ்டரிலேயே எடுத்துவிட்டு, பிரிவு எண்களை மனப்பாடம் செய்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஓர் உதாரணம். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், 33ஆம் பிரிவு: தனிநபர் தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் மேற்பார்வை அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். எல்லோருக்கும் அந்த 72 நினைவிருக்கும். அந்தக் கடிகாரம் எப்போது ஓடத் தொடங்குகிறது என்று கேட்டால் தடுமாறுவார்கள். கசிவு நடந்த நேரத்திலிருந்து இல்லை; நிறுவனம் அதை 'அறிந்த' நேரத்திலிருந்து. அப்படியானால் இரவு இரண்டு மணிக்குத் தானியங்கி எச்சரிக்கை வந்ததே, அது அறிதலா? காலை ஒன்பது மணிக்குப் பொறியாளர் பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்தாரே, அது அறிதலா? ஒரு சொல்லை உண்மைச் சூழல்மேல் பொருத்தி வாதிடும் இந்தப் பழக்கம் ஒப்பந்தச் சட்டத்திலும் தீங்கியலிலும்தான் கையில் படியும். உள்ளடக்கத்திலும் இதே வரிசைதான் பொருந்தும். மென்பொருள் உரிமம் பெரும்பாலும் ஒப்பந்தமாகவே வருகிறது. கசிவால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்டால் அங்கே தீங்கியலின் கேள்விகள் எழும். அந்தரங்க உரிமையின் வேர் பல நாடுகளில் அரசமைப்பில் இருக்கிறது.

சர்வதேசச் சட்டமும் சட்ட மெய்யியலும் அருமையான பாடங்கள், ஆனால் உங்களுக்கு ஐந்து இடம்தான். குற்றவியலையும் விட்டுவிடலாம்.

பதிவு செய்யும்முன் துறை அலுவலகத்தில் சில விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒரே பாடத்தை மேஜருக்கும் மைனருக்கும் சேர்த்துக் கணக்கில் வைக்க விடுவார்களா, விட்டால் எத்தனை கிரெடிட் வரை? தேர்ச்சி/தோல்வி முறையில் எடுத்த பாடம் மைனருக்குச் செல்லுமா? பல இடங்களில் செல்லாது. எந்தப் பாடத்துக்கு எது முன்தேவை? எந்தப் பாடம் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கிறது? கடைசிக் கேள்வியில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒப்பந்தப் பாடம் ஒற்றைப்படை செமஸ்டரில் மட்டும் நடந்து, அதை முன்தேவையாகக் கேட்கும் அறிவுசார் சொத்து அடுத்த இரட்டைப்படையில் வந்தால், ஒரு செமஸ்டரைத் தவறவிட்டாலே ஓராண்டு போய்விடும்.

எழுவினா:
தீர்ப்பு வாசிப்பைப் பற்றி நான் சொல்கிறேன். கதைபோல வாசித்தால் கதைதான் மிஞ்சும். தேர்வில் கதைக்கு மதிப்பெண் கிடையாது.

ஒரு தீர்ப்பை மூன்று தடவை வாசிக்கணும். முதல் தடவை வேகமாக, பேனா இல்லாமல்: யார் யார்மேல் வழக்குப் போட்டார், என்ன கேட்டார், கடைசியில் யார் ஜெயித்தார். முடிவை முதலிலேயே தெரிந்துகொள்வதில் தப்பே இல்லை. எங்கே போகிறார்கள் என்று தெரிந்தால்தான் நடுவில் வரும் ஒவ்வொரு பத்தியும் எதற்கு என்று புரியும். இரண்டாவது தடவை ஓரத்தில் குறியிட்டுக்கொண்டு: இது உண்மைச் சூழல், இது கீழ்நீதிமன்றம் சொன்னது, இது பிரதிவாதியின் வாதம், இது நீதிபதியின் சொந்த முடிவு. புதிதாகப் படிப்பவர்கள் செய்யும் பெரிய பிழை இங்கேதான் நடக்கும். நீதிபதி எதிர்த்தரப்பு வாதத்தை நாலு பத்திக்கு விரிவாகச் சொல்லிவிட்டு ஐந்தாவது பத்தியில் தள்ளுபடி செய்வார். அவசரமாக வாசிப்பவர் அந்த நாலு பத்தியையும் சட்டம் என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். மூன்றாவது தடவை தீர்ப்பை மூடி வைத்துவிட்டு ஒரே பக்கத்தில் சுருக்கம் எழுதணும். எங்கே கை நிற்கிறதோ அங்கே மட்டும் திறந்து பாருங்கள்.

தொடங்க நல்ல தீர்ப்பு கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி, 1893ஆம் ஆண்டுத் தொகுப்பில் இருக்கிறது. புகைப்பந்து என்ற நோய்த்தடுப்பு மருந்துப் பொருளை விற்ற கம்பெனி விளம்பரம் கொடுத்தது: எங்கள் புகைப்பந்தைத் தினமும் மூன்று வேளை இரண்டு வாரம் பயன்படுத்திய பிறகும் இன்ஃபுளுவென்சா வந்தால் 100 பவுண்டு தருகிறோம், எங்கள் நேர்மையைக் காட்ட 1,000 பவுண்டை வங்கியில் போட்டிருக்கிறோம். திருமதி கார்லில் சொன்னபடி பயன்படுத்தினார், காய்ச்சல் வந்தது, பணம் கேட்டார், கம்பெனி மறுத்தது.

இதை ஒரு பக்கத்தில் எழுதும்போது கம்பெனியின் ஒவ்வொரு வாதத்துக்கும் நேரே நீதிமன்றத்தின் பதிலை வையுங்கள். 'இது வெறும் விளம்பரப் பேச்சு' என்றார்கள். 1,000 பவுண்டு வைப்பு வைத்தவர் வெறும் பேச்சு என்று சொல்ல முடியாது என்று பதில் வந்தது. 'உலகத்தோடு யாராவது ஒப்பந்தம் போடுவார்களா' என்றார்கள். முனைவை (ஒப்பந்தம் செய்ய ஒருவர் முன்வைக்கும் வாக்குறுதி) உலகத்துக்கே வைக்கலாம், நிபந்தனையை நிறைவேற்றுபவரோடுதான் ஒப்பந்தம் உருவாகிறது. 'ஏற்றுக்கொண்டேன் என்று அவர் சொல்லவே இல்லையே' என்றார்கள். இப்படிப்பட்ட முனைவில் செய்து முடிப்பதே ஏற்பு, முன்கூட்டி அறிவிப்பு தேவையில்லை என்று விளம்பரத்தின் தன்மையே காட்டுகிறது. 'மறுபயன் (வாக்குறுதிக்கு ஈடாகத் தரப்படுவது) இல்லை' என்றார்கள். கேட்டபடி தினமும் மூன்று வேளை பயன்படுத்திய சிரமமே மறுபயன், விற்பனை கூடுவதால் கம்பெனிக்கும் பயன். இப்படி நேருக்கு நேர் எழுதினால் ஒப்பந்தச் சட்டத்தின் முதல் சில வாரப் பாடமும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்துவிடும்.

தலைப்புக் குறிப்பை (தீர்ப்புக்கு மேலே அச்சிடப்படும் சுருக்கம்) மட்டும் வாசித்துவிட்டுத் தீர்ப்பை வாசித்ததாக நினைக்க வேண்டாம். அது பெரும்பாலும் தொகுப்பாசிரியர் எழுதியது, நீதிபதியின் சொல் இல்லை. மேற்கோள் காட்டினால் தீர்ப்பின் பத்தி எண்ணைத்தான் காட்டணும்.

நிரலோடை:
மிக்க நன்றி. கார்லில் தீர்ப்பை இன்று வாசித்தேன். மூன்று நீதிபதிகளும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள், ஆனால் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். இதில் எது சட்டம், எது உபரி என்று எப்படிப் பிரிப்பது? ரேஷியோ (முடிவைத் தாங்கும் காரணம்), ஆபிட்டர் (போகிற போக்கில் சொன்ன கருத்து) என்ற சொற்களை வாசித்தேன், வரையறை புரிகிறது, பயன்படுத்தத் தெரியவில்லை.

எழுவினா:
ஒரு சோதனை இருக்கிறது. நீதிபதி சொன்ன ஒரு வாக்கியத்தை எடுத்து, அதை மறுத்து எழுதிப் பாருங்கள். மறுத்தால் வழக்கின் முடிவு விழுந்துவிடுமா? விழுந்தால் அது ரேஷியோவின் பகுதியாக இருக்க நல்ல வாய்ப்பு. விழாவிட்டால் ஆபிட்டர். 'செய்து முடிப்பதே ஏற்பு' என்பதை மறுத்தால் கார்லில் தோற்றுவிடுவார், ஆகவே ரேஷியோ. நடுவில் ஒரு நீதிபதி, தொலைந்த நாயைக் கண்டுபிடித்தால் பரிசு என்ற விளம்பரத்தை உதாரணமாகச் சொல்கிறார். நாயை எடுத்துவிட்டாலும் முடிவு நிற்கும். இந்தச் சோதனை எல்லா வழக்குக்கும் பொருந்தாது. இரண்டு காரணங்கள் தனித்தனியாகவே முடிவைத் தாங்கும்போது ஒன்றை மறுத்தாலும் முடிவு விழாது, ஆனாலும் இரண்டும் ரேஷியோவாக இருக்கலாம்.

பல நீதிபதிகள் எழுதியிருந்தால் பெரும்பான்மை எந்தக் காரணத்தில் ஒன்றுபடுகிறது என்று எண்ணணும், முடிவில் ஒன்றுபடுவது போதாது. கேசவானந்த பாரதி (1973) வழக்கில் 13 நீதிபதிகள், 11 தனித்தனித் தீர்ப்புரைகள், 7க்கு 6 என்ற பெரும்பான்மை. அங்கே ஒவ்வொரு எழுவினாவுக்கும் (நீதிமன்றம் தீர்க்க வேண்டிய கேள்வி) ஒரு கட்டம் போட்டு யார் எந்தப் பக்கம் என்று நிரப்பினால்தான் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு (அரசமைப்பின் அடிப்படையை நாடாளுமன்றம் திருத்தத்தால் மாற்ற முடியாது என்பது) எங்கே நிற்கிறது என்று பிடிபடும்.

இன்னொன்று: ரேஷியோவின் அகலம் வழக்கு முடியும்போதே நிலையாகிவிடுவதில்லை. டானஹ்யூ எதிர் ஸ்டீவன்சன் (1932), பாட்டிலில் நத்தை இருந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கு. குறுக்கி எழுதினால், இடையில் யாரும் சோதிக்க முடியாதபடி பொருளை அனுப்பும் உற்பத்தியாளருக்கு அதை நுகர்பவர்மேல் கவனக் கடமை உண்டு. விரித்து எழுதினால், நம் செயலால் பாதிக்கப்படுவார் என்று நியாயமாக முன்கூட்டி அறியக்கூடிய எவர்மேலும் கடமை உண்டு. பின்வந்த வழக்குகளில் ஒரு தரப்பு குறுக்கும், மறு தரப்பு விரிக்கும். நீங்கள் தேர்வில் செய்ய வேண்டியதும் அதேதான்: இரண்டு அகலத்திலும் எழுதிக் காட்டி, கேள்வியின் சூழலுக்கு எது பொருந்துகிறது என்று காரணம் சொல்லுங்கள்.

பக்கம்562:
மேலே சொன்னவற்றோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் சேர்ப்பது தேடலும் சரிபார்ப்பும்.

வழக்குக் குறிப்பை வாசிக்கத் தெரியணும். [1932] ஏ.சி. 562 என்றால் 1932ஆம் ஆண்டின் 'அப்பீல் கேசஸ்' தொகுப்பில் 562ஆம் பக்கம். சதுர அடைப்பு என்றால் சரியான தொகுதியை எடுக்க ஆண்டு அவசியம். ஹாட்லி எதிர் பாக்சன்டேல் (1854) 9 எக்ஸ்செக்கர் 341 என்பதில் வளைந்த அடைப்பு. அங்கே தொகுதி எண் 9 போதும், ஆண்டு வெறும் தகவல். பிரிட்டிஷ் மரபில் வந்த இந்த வேறுபாட்டை இந்தியத் தொகுப்புகள் எப்போதும் கடைப்பிடிப்பதில்லை, உங்கள் துறையின் மேற்கோள் கையேட்டைப் பின்பற்றுங்கள். தீர்ப்புகளை இலவசமாகப் பார்க்க பெய்லி, ஆஸ்ட்லி, கேன்லி, இந்தியன் கானூன் ஆகிய தளங்கள் இருக்கின்றன.

கிடைத்த தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒருபோதும் எழுதாதீர்கள். ஏடிஎம் (கூடுதல் மாவட்ட மாஜிஸ்ட்ரேட்) ஜபல்பூர் (1976) வழக்கில், நெருக்கடி நிலையின்போது சட்டவிரோதக் காவலை எதிர்த்து ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று 4க்கு 1 என்ற கணக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனித்து நின்ற ஒருவர் நீதிபதி எச்.ஆர். கன்னா. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் ஜபல்பூர் தீர்ப்பைத் தவறு என்று சொல்லி நீக்கியது. பழைய குறிப்பை மட்டும் பார்த்து எழுதுபவர் செத்த சட்டத்தை எழுதிக்கொண்டிருப்பார். மாறுபட்ட தீர்ப்புரையைத் தாண்டிப் போகக் கூடாது என்பதற்கும் இந்த வழக்கே சான்று. சட்ட நூல்களும் அப்படியே. 2024 ஜூலை 1 முதல் இந்தியாவில் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்குத் தண்டனை சொல்லும் 302 இப்போது 103. சீனியரிடமிருந்து வாங்கிய நோட்டில் பழைய எண்களே இருக்கும். அதே சமயம் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும், ஆகவே கேள்வியில் தேதி இருந்தால் கவனியுங்கள்.

நீங்கள் கணினி மாணவர் என்பதால் கூடுதலாக ஒன்று. உரை எழுதும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் வழக்குப் பெயர் கேட்காதீர்கள். நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியாங்கா வழக்கில், இல்லாத தீர்ப்புகளை அந்தக் கருவி உருவாக்கிக் கொடுக்க, வழக்கறிஞர்கள் அப்படியே தாக்கல் செய்தார்கள். 2023 ஜூனில் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. கருவி தரும் பெயர் நம்பும்படி இருக்கும், பக்க எண்கூட இருக்கும். தளத்தில் திறந்து, நீங்கள் சொல்லவரும் வாக்கியம் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தபின்தான் அசைன்மென்ட்டில் அது ஏற வேண்டும்.

மேல்முறையீடு:
தராசுமுள் குற்றவியலை விடச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. கணினி மாணவருக்கு மிக இயல்பாகப் பிடிபடும் பாடம் அது. குற்றம் என்பதே உறுப்புகளின் கூட்டு: செயல், மனநிலை, இரண்டும் ஒரே நேரத்தில் இருத்தல், குற்றத்திலிருந்து விடுவிக்கும் காரணம் இல்லாமை. ஒன்று குறைந்தால் குற்றம் இல்லை. ஃபேகன் வழக்கைப் பாருங்கள் (1969): காரை ஓட்டியவர் தெரியாமல் காவலரின் பாதத்தில் சக்கரத்தை ஏற்றிவிட்டார். எடுக்கச் சொன்ன பிறகு வேண்டுமென்றே எஞ்சினை அணைத்தார். சக்கரம் ஏறியபோது மனநிலை இல்லை, மனநிலை வந்தபோது புதிய செயல் இல்லை என்று வாதம். சக்கரம் பாதத்தின்மேல் இருக்கும் நேரம் முழுவதையும் தொடர்ந்து நடக்கும் ஒரே செயலாகக் கொண்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லித்தரும் பாடம் எனக்குத் தெரியவில்லை. அரசமைப்பை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளி, இதை முன்னால் வைக்கலாம்.

ஆனால் எச்சரிக்கை: சட்டத்தை நிரல்போல எண்ணிவிடாதீர்கள். 'பூங்காவில் வாகனங்கள் கூடாது' என்ற விதியை 1958இல் சட்ட மெய்யியலாளர் எச்.எல்.ஏ. ஹார்ட் உதாரணமாக எடுத்தார். கார் கூடாது, சரி. பொம்மைக் கார்? சறுக்குச் சக்கரம்? அதற்கு மறுமொழியாக லான் ஃபுல்லர் கேட்டார்: போரில் ஓடிய லாரியை நினைவுச் சின்னமாகப் பீடத்தில் நிறுத்தினால்? 'நியாயமான', 'உடனடியாக', 'தகுந்த' போன்ற சொற்கள் சட்டத்தில் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. அவற்றுக்கு ஆம்/இல்லை என்று முன்கூட்டியே விடை கிடையாது. கணினி மாணவர்களின் விடைத்தாளில் அடிக்கடி தென்படும் குறை, 'விதி இது, ஆகவே முடிவு இது' என்று இரண்டு வரியில் முடித்துவிடுவது.

தேர்வுக்கு வருகிறேன். பெரும்பாலும் ஒரு கற்பனைச் சூழலைக் கொடுத்து ஆலோசனை கேட்பார்கள். எழுவினா, விதி, பொருத்தம், முடிவு என்ற நான்கு படிகளை எல்லோரும் சொல்லித்தருவார்கள். மதிப்பெண்ணில் பெரும்பகுதி மூன்றாவது படியில் இருக்கிறது, மாணவர்கள் பக்கத்தை நிரப்புவதோ இரண்டாவதில்.

ஒரு மாதிரி. 'தொலைந்த என் நாயைக் கொண்டுவந்து ஒப்படைப்பவருக்குப் பரிசு' என்று அ ஒட்டி வைக்கிறார். அதைப் பார்க்காத ஆ, நாயைக் கண்டெடுத்து, கழுத்துப் பட்டையில் உள்ள முகவரிக்குக் கொண்டுவருகிறார். வாசலில்தான் அறிவிப்பைப் பார்க்கிறார். பிறகு ஒப்படைக்கிறார். பரிசு உண்டா?

'முனைவு தெரியாமல் ஏற்க முடியாது, லால்மன் சுக்லா எதிர் கௌரி தத் (1913), ஆகவே பரிசு இல்லை' என்று எழுதினால் தேறலாம், அவ்வளவுதான். நல்ல விடை அடுத்த கேள்வியைக் கேட்கும்: இங்கே ஏற்பு எந்தச் செயல்? கண்டெடுப்பதா, ஒப்படைப்பதா? அறிவிப்பின் சொல் 'கொண்டுவந்து ஒப்படைப்பவர்'. ஒப்படைக்கும்போது ஆ-வுக்குத் தெரியும். சுக்லா வழக்கில் வேலைக்காரர் காணாமல்போன பையனைக் கண்டுபிடித்தபின்தான் பரிசைப் பற்றி அறிந்தார், அதோடு தேடப் போவது ஏற்கெனவே அவருடைய பணிக் கடமையாக இருந்தது. ஆ-வுக்கு அப்படிக் கடமை இல்லை. ஆகவே வேறுபடுத்தலாம். எதிர்த்தரப்புக்கும் வழி இருக்கிறது: ஆஸ்திரேலியாவின் அரசர் எதிர் கிளார்க் (1927) வழக்கில், பரிசு அறிவிப்பு முன்பே தெரிந்திருந்தும், அதை நம்பிச் செயல்படாமல் தன்மேல் விழுந்த பழியைத் துடைக்கத் தகவல் சொன்னவருக்குப் பரிசு மறுக்கப்பட்டது. ஆ எப்படியும் ஒப்படைக்கத்தானே வந்தார்? இரண்டையும் எடைபோட்டு, எது வலுவானது, ஏன் என்று சொல்லி முடியுங்கள். எந்தப் பக்கம் முடித்தாலும் மதிப்பெண் உண்டு, காரணம் இல்லாமல் முடித்தால்தான் போகும்.

நேரக் கணக்கு: 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் 25 மதிப்பெண் கேள்விக்கு 45 நிமிடம். முதல் பத்து நிமிடம் சூழலை இருமுறை வாசித்து, ஆட்களையும் தேதிகளையும் குறித்து, எழுவினாக்களைப் பட்டியலிடுவதற்கு. 45ஆவது நிமிடத்தில் விடை பாதியில் இருந்தாலும் இடம் விட்டு அடுத்ததற்குப் போங்கள். தெரிந்த கேள்வியில் கூடுதலாகப் பதினைந்து நிமிடம் செலவிட்டு இரண்டு மதிப்பெண் கூட்டுவதைவிட, தொடாத கேள்வியில் முதல் பதினைந்து நிமிடத்தில் பத்து வரை எடுக்க முடியும்.

நிரலோடை:
குற்றவியலை எடுக்கப் போகிறேன். எங்கள் ஒப்பந்தத் தேர்வுக்குப் புத்தகம் கொண்டுபோகலாமாம். அப்படியானால் சுருக்கங்கள் தேவையா?

மேல்முறையீடு:
இன்னும் அதிகமாகத் தேவை. புத்தகம் கையில் இருந்தால் கேள்வி விதியைக் கேட்காது, நேரே பொருத்தத்துக்குப் போகும். தேடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது. வழக்குச் சுருக்கங்களைத் தலைப்புவாரியாக அடுக்கி, முன்னால் இரண்டு பக்க அட்டவணை வையுங்கள்: எழுவினா, பொருந்தும் வழக்கு, ஒரு வரியில் ரேஷியோ, எதிர் வழக்கு, சுருக்கத்தின் பக்க எண். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பு பழைய வினாத்தாள் ஒன்றை அந்த இரண்டு பக்கத்தை மட்டும் வைத்து எழுதிப் பாருங்கள். எந்த இடத்தில் புத்தகத்தைத் திறக்க வேண்டி வந்ததோ அந்த இடம் அட்டவணையில் விடுபட்டிருக்கிறது. அச்சிட்டதுதான் செல்லுமா, கையெழுத்துக் குறிப்பும் செல்லுமா என்பதைத் தேர்வு விதியில் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.